காலையில் மட்டும் தட்டும் வண்டி

எங்கள் வண்டி காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மூன்று விநாடி தட்டும். டக் டக் டக் டக் என்று, இன்ஜினுக்குள்ளே யாரோ சுத்தியலோடு உட்கார்ந்திருக்கிற மாதிரி. அப்புறம் நின்றுவிடும். அதற்குப் பிறகு நாள் முழுக்க அது நல்ல பிள்ளை. அந்த மூன்று விநாடிக்காக 2008 மார்கழியில் நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தாலும் எனக்குக் கோபம்தான் வருகிறது.

நான் செம்மங்குப்பத்தில் ஒரு சாயக் கம்பெனி லேபில் கெமிஸ்ட். வீடு அண்ணாமலை நகர் ஸ்டாஃப் குவார்ட்டர்ஸில். என் வீட்டுக்காரர் கதிரவனுக்கு யூனிவர்சிட்டி ஆபீஸில் வேலை. அவர் ஒன்பதே முக்காலுக்குக் கிளம்பி, நடந்தே போய், பத்து மணிக்கு உட்கார்ந்துவிடுவார். நான் எட்டு மணிக்குக் கார்டு பஞ்ச் செய்ய வேண்டும். நடுவில் நாற்பது கிலோமீட்டர் இருக்கிறது. எக்ஸ்பிரஸ் பஸ் செம்மங்குப்பத்தில் நிற்காது. நிற்கிற பஸ்ஸோ ஊர் ஊராக நலம் விசாரித்துக்கொண்டு எட்டேகாலுக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்க்கும். லேட்டாக வந்ததற்கு என் பேரில் ஏற்கெனவே இரண்டு மெமோ இருந்தன. “மூணாவது மெமோ வந்தா வீட்லயே ரெஸ்ட் எடுக்கலாம்மா” என்று மேனேஜர் சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தார். சிரித்துக்கொண்டே சொல்கிறவர்கள்தான் சொன்னதைச் செய்துவிடுவார்கள்.

அதனால்தான் அந்தப் பழைய மாருதியை வாங்கினோம். பாதிப் பணம் என்னுடையது, பாதி என் மாமனார் சுப்பராயலுவின் ரிட்டயர்மென்ட் பணம். மாமா முப்பத்திரண்டு வருஷம் பஸ் டிரைவர். அதில் பாதிக்கு மேல் சிதம்பரம் – கடலூர் ரூட்தான். செம்மங்குப்பத்தில் நிற்காமல் போகிற எக்ஸ்பிரஸ்ஸை ஓட்டியவரே அவர்தான். கை காட்டியவர்களையெல்லாம் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே போயிருக்கிறார். அந்தப் பாவம் மருமகள் தலையில் விடிந்தது என்று நான் ஒருமுறை சொல்லப்போய், இரண்டு நாள் பேச்சில்லாமல் இருந்தோம்.

தீபாவளி வரைக்கும் வண்டி ஒழுங்காகத்தான் இருந்தது. கார்த்திகை பிறந்ததும் லேசாகத் தட்ட ஆரம்பித்தது. மார்கழியில் தெருவே எழுந்துவிடுகிற அளவுக்கு ஆனது. காலை ஆறே முக்காலுக்கு நான் சாவியைத் திருப்புவதற்கு முன்பே மாமா மஃப்ளரைச் சுற்றிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார்.

“பாத்தியா? பாத்தியா? எப்டி அடிச்சிக்கிது பாத்தியா?” என்பார். “கிளட்ச்சுல காலு வெச்சிக்கினே ஓட்டுனா வேற என்னா ஆவும்? இன்ஜினு அழுவுதும்மா.”

“கிளட்ச்சுக்கும் ஸ்டார்ட்டிங்ல தட்டறதுக்கும் என்ன மாமா சம்பந்தம்? நான் இன்னும் வண்டிய எடுக்கவே இல்லியே.”

“நேத்து ஓட்டுனது இன்னிக்கிக் கேக்குது.”

முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ் உள்ள மனிதரிடம் எதைச் சொல்லி ஜெயிப்பது? உதவிக்கு வீட்டுக்காரரைப் பார்த்தால், அவர் பேப்பரை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொள்வார்.

என் மாமியார் சின்னம்மாளுக்கு வண்டி மேல் வேறு கோபம். அது அடியில் ஆயில் சொட்டும். மார்கழி மாசம், அத்தை விடியலில் எழுந்து வாசலை அடைத்துக் கோலம் போட்டுப் பூசணிப்பூ வைத்தால், நான் வண்டியை வெளியே எடுத்ததும் அதன் நடுவே கறுப்பாக ஒரு வட்டம் விழுந்திருக்கும். “தாமரைக்கி நடுவுல கண்ணு வெச்ச மாதிரி இருக்குது” என்று கரித்துக்கொட்டுவார். போதாக்குறைக்குக் கார்த்திகையிலேயே சமையல்கட்டில் எண்ணெய் ஊற்றுகிற புனல் வேறு காணாமல் போயிருந்தது. பக்கத்து வீட்டம்மா இரவல் வாங்கிக்கொண்டு திருப்பித் தரவில்லை என்று முடிவு கட்டி, அத்தை அவரோடு பேச்சை நிறுத்திவிட்டார். அந்த அம்மாவோ ஏன் என்று தெரியாமல் தினமும் சிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் மெக்கானிக் சடையப்பன் கடலூர் ஓல்டு டவுனில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்தார். கம்பெனி முடிந்ததும் குடிகாடு தாண்டி அவரிடம் போனேன். வண்டியை ஆஃப் பண்ணி, ஆன் பண்ணி, பத்து முறை ஸ்டார்ட் செய்து பார்த்தார். ஒரு சத்தமும் இல்லை.

“நல்லாத்தான இருக்குது மேடம்?”

“காலைலதாங்க தட்டும்.”

“காலைல கொண்டாங்க.”

காலையில் கொண்டுபோனேன். நாற்பது கிலோமீட்டர் ஓடிச் சூடான இன்ஜின் ஏன் தட்டப் போகிறது? அது சமர்த்தாக நின்றது. ஒரு நாள் பகல் முழுக்க அவரிடமே விட்டுவிட்டுப் போனேன். வெயிலில் எட்டு மணி நேரம் நின்றது. சாயங்காலம் ஸ்டார்ட் செய்தால் அப்போதும் பூ மாதிரிதான் இருந்தது. சடையப்பன் என்னை ஒரு பரிதாபத்தோடு பார்த்தார். “ஒரு பாட்டுப் பொட்டி மாட்டிக்கோங்க மேடம். சத்தமே கேக்காது” என்றார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அவர் கையிலிருந்த ஸ்பேனரைப் பிடுங்கியிருப்பேன்.

மறுநாள் விடியலில் என் செல்போனில் ரெக்கார்டு செய்தேன். அதைச் சடையப்பன் காதில் வைத்துக்கொண்டு ஐந்து முறை கேட்டார். முதலில் கோயில் ஸ்பீக்கர், அப்புறம் பால்காரர் மணி, அப்புறம் ஒரு நாய், அப்புறம் தட்டல். அதற்கு மேலே மாமாவின் “பாத்தியா? பாத்தியா?”

“யாரு மேடம் இது, இந்தக் கத்து கத்தறது?”

“என் மாமனாரு.”

“அவுருக்கு ஒருக்கா பி.பி. பாத்துடுங்க” என்று சொல்லிவிட்டு, சடையப்பன் முதல்முறையாக முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார். “தட்டறது நெசந்தான். பேரிங்குக்கு ஆயில் சீக்கிரம் ஏறல. பேரிங்கே தேஞ்சிருந்தா இன்ஜின எறக்கணும். ரெண்டு வாரம் வண்டிய வுட்டுட்டுப் போவணும்.”

இரண்டு வாரம் பஸ்ஸில் போனால் இரண்டாவது நாளே மூன்றாவது மெமோ கைக்கு வந்துவிடும். இதை வீட்டில் சொன்னதுதான் நான் செய்த தப்பு. மாமா அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே முடிவு சொல்லிவிட்டார்.

“இன்ஜினு சீஸாயி நின்னுடறதுக்குள்ள குடுத்துடலாம். நம்ம சாமிக்கண்ணுகிட்ட சொல்லிட்டன். அவன் புள்ளைக்கி வாடகைக்கி வுடறதுக்கு வண்டி வோணுமாம். தட்டுதுன்னும் சொல்லிட்டன், ஒளிக்கல. ஞாயித்துக்கெழம காலைல வந்து பாக்கறன்னான்.”

சாமிக்கண்ணு மாமாவோடு பதினெட்டு வருஷம் வேலை பார்த்த கண்டக்டர். அவரிடம் சொன்ன சொல்லை மாமா திருப்பி வாங்க மாட்டார் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

“அப்ப நான் வேலைக்கி எப்படிப் போறது மாமா?”

“பஸ்ஸுல போ. நான் ஓட்டன பஸ்ஸுல எத்தினி பேரு வேலைக்கிப் போனாங்க!”

“செம்மங்குப்பத்துக்கு ஒருத்தர் கூடப் போயிருக்க மாட்டாங்க” என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன். அன்று ராத்திரி தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். அது எனக்கு வெறும் சம்பளம் மட்டும் இல்லை. நான் படித்த படிப்புக்கு ஊரில் ஒரே இடம் அந்த லேப்தான்.

அழுது முடித்ததும் எனக்கே வெட்கமாக இருந்தது. நான் ஒரு கெமிஸ்ட். தினமும் அடுத்தவன் சரக்கில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறேன். என் வண்டியை மட்டும் ஏன் சோதித்துப் பார்க்காமல் விட்டேன்?

வெள்ளிக்கிழமை, வண்டியிலிருந்து ஒரு டம்ளர் ஆயில் எடுத்துக்கொண்டு லேபுக்குப் போனேன். கூட வேலை செய்யும் இசைவாணி மூக்கைச் சுளித்தாள். எங்களிடம் அடியில் பொத்தல் போட்ட கிண்ணம் ஒன்று உண்டு. சாயக் கரைசல் எவ்வளவு கெட்டி என்று பார்ப்பதற்கு. அதை நிரப்பி, ஒழுகி முடிய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்ப்போம். சடையப்பன் ஐப்பசியில் ஊற்றியது போக மீதியை ஒரு பாட்டிலில் கொடுத்திருந்தார். அது நாற்பது விநாடியில் ஒழுகி முடிந்தது. என் வண்டி ஆயில் ஒன்றரை நிமிஷம் எடுத்துக்கொண்டது.

“என்னடி இது, ஆயிலா அல்வாவா?” என்றாள் இசைவாணி.

அப்போதுதான் எனக்கு இன்னொன்று உறைத்தது. என் வண்டி தினமும் சொட்டுகிறது. அத்தையின் கோலமே அதற்குச் சாட்சி. ஆனால் இரண்டு மாசமாக அளவுக் கம்பியை எடுத்துப் பார்க்கும்போதெல்லாம் ஆயில் நிறைவாகவே இருந்தது. சொட்டுகிற வண்டியில் எப்படிக் குறையாமல் இருக்கும்? யாரோ ஊற்றுகிறார்கள். அதுவும் கெட்டியான வேறு ஆயிலை. ராத்திரி முழுக்க நின்று குளிர்ந்த பிறகு, அந்தக் கெட்டி ஆயில் மேலே ஏறுவதற்குள் இன்ஜின் வறட்சியில் தட்டுகிறது. பகல் வெயிலில் இளகிவிடுவதால் சடையப்பனிடம் தட்டவே இல்லை.

யார் ஊற்றுகிறார்கள் என்பதற்குக் கிண்ணமும் தேவைப்படவில்லை, ஸ்டாப் வாட்சும் தேவைப்படவில்லை. புனல் ஞாபகம் வந்தது.

சனிக்கிழமை விடியலில் நாலே முக்காலுக்கு எழுந்து, விளக்கைப் போடாமல் ஜன்னல் ஓரம் நின்றேன். கையும் களவுமாகப் பிடித்து, வீட்டையே எழுப்பி, கோர்ட்டு மாதிரி விசாரிக்க வேண்டும் என்று மனசுக்குள் வசனமெல்லாம் தயார் செய்து வைத்திருந்தேன். “கிளட்ச்சுல காலு வெக்கிறது யாரு மாமா?” என்று ஆரம்பிக்கிறதாக இருந்தேன்.

மாமா வந்தார். தலையில் மஃப்ளர், கக்கத்தில் டார்ச் லைட், ஒரு கையில் தண்ணீர் பாட்டில் நிறையக் கெட்டி ஆயில், இன்னொரு கையில் அத்தையின் புனல். சத்தம் வராமல் பானெட்டைத் தூக்கினார். புனலை வைத்து ஊற்றினார். ஊற்றிக்கொண்டே வண்டியிடம் பேசினார்.

“குடி. நல்லாக் குடி. பஸ் ஆயிலு, வெலை ஜாஸ்தி குடுத்து டெப்போகிட்டக் கடைல வாங்கியாந்தன். இதக் குடிச்சிட்டு எங்கியும் நின்னுடாத, தெரிதா? புதுச்சத்திரத்துல நின்னுட்டன்னா அந்தப் புள்ள தனியா என்னா பண்ணும்? இன்னும் ஒரு நாளுதான். அது வரைக்கும் அத நல்லபடியாக் கொண்டாந்து வுட்டுடு.”

நான் தயார் செய்த வசனம் எல்லாம் மறந்துபோனது. அந்த ஆளின் மேல் ஒரு மாசமாக நான் வளர்த்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது. செய்யவில்லை. பிடித்திருந்தால் அவர் வெட்கத்தில் ஒரு வாரம் சாப்பிட்டிருக்க மாட்டார். போர்வைக்குள் போய்ப் படுத்துக்கொண்டேன்.

அன்றைக்கு லேபில் அரை நாள் லீவு சொல்லிவிட்டுச் சடையப்பனிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். பழைய ஆயில் முழுக்க வடித்தார். அடித்தகட்டின் பாக்கிங்கை மாற்றிச் சொட்டுவதை நிறுத்தினார். புது ஃபில்டர் போட்டு, புது ஆயில் ஊற்றினார். “இதுக்கும் தட்டுனா பேரிங்குதான் மேடம். நாளைக்கிக் காலைல தெரிஞ்சிடும்” என்றார். ராத்திரி நான் தூங்கவே இல்லை.

ஞாயிறு காலை ஆறரைக்கெல்லாம் சாமிக்கண்ணு வந்துவிட்டார். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு, நடுவில் அட்வான்ஸ் கவர். மாமா குளித்து நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு நின்றார். அத்தை கோலத்துக்குக் காவலாக நின்றார். என் வீட்டுக்காரர் கூடப் பேப்பரை மடித்துவிட்டு வெளியே வந்தார்.

“ஸ்டார்ட் பண்ணும்மா” என்றார் மாமா.

சாவியைத் திருப்பினேன். இன்ஜின் ஒரு முறை சிலிர்த்து ஓட ஆரம்பித்தது. ஒரு விநாடி, இரண்டு, மூன்று, பத்து. ஒரு தட்டல் இல்லை. பால்காரர் மணி தெளிவாகக் கேட்டது.

“பாத்...” என்று ஆரம்பித்த மாமாவின் வாய் அப்படியே திறந்து நின்றது.

“என்னா டிரைவரண்ணே, தட்டுது தட்டுதுன்ன? மெத்து மெத்துன்னு ஓடுது!” சாமிக்கண்ணுக்கு முகமெல்லாம் பல். “இந்தா, தட்டப் புடி.”

“இரு, இரு” என்றார் மாமா. “இன்னிக்கிக் கேக்கல. நெசமா தட்டும்டா. டக் டக் டக்குன்னு” என்று பானெட்டின் மேல் விரலால் தட்டிக் காட்டினார். “இப்பிடித் தட்டும்.”

“நீ தட்டுனாத் தட்டத்தான் செய்யும்ண்ணே. வெலைய ஏத்தறதா இருந்தா நேராச் சொல்லு, எனக்குத் தெரியாதா?”

“ஏத்தறதுக்கு இல்லடா. இது மோசமான வண்டி. கோலத்தக் கெடுக்கும். கேட்டுப் பாரு.”

அத்தை குனிந்து பார்த்தார். “இன்னிக்கிச் சொட்டவே இல்லியே” என்றார், உண்மையை மறைக்கத் தெரியாத அத்தை.

மாமா என் பக்கம் திரும்பினார். “என்னா பண்ண?”

“ஆயில் மாத்தினேன் மாமா. பழைய ஆயில் ரொம்பக் கெட்டியா இருந்துது. அதான் காலைல தட்டியிருக்கு. வேற ஒண்ணும் இல்ல.” அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவர் கண்ணையும் பார்க்கவில்லை.

“அந்த மெக்கானிக்கு வேலையாத்தான் இருக்கும்!” அத்தை பிடித்துக்கொண்டார். “கண்ட ஆயிலையும் ஊத்தி வுட்டுட்டு, இன்ஜின எறக்கணும்னு சொல்லி இருக்கான் பாரு!”

“ஓல்டு டவுன்ல யாரு அவன்? சொல்லு, போயி நாலு கேள்வி கேட்டுட்டு வரன்” என்று சாமிக்கண்ணு வேட்டியை மடித்துக் கட்டினார். என் வீட்டுக்காரர் கூட “கம்ப்ளெய்ன்ட் குடுக்கலாம்” என்றார். அந்த மனிதர் ஒரு மாசத்தில் பேசிய முதல் வாக்கியம் அது.

மாமா தாம்பாளத்தைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். தலையிலிருந்த மஃப்ளரை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“யாரையும் ஒண்ணும் கேக்க வாணாம். நான்தான் ஊத்தனன்” என்றார். “நாலு நாளைக்கி ஒரு தபா, நம்ம பஸ்ஸுக்கு ஊத்தற ஆயிலு. கெட்டியா இருந்தா இன்ஜினு கெட்டியா இருக்கும்னு ஊத்தனன். முப்பத்திரண்டு வருசம் ஓட்டனவன், கார் வேற பஸ் வேறன்னு தெரியாமப் போச்சி. அந்தப் புள்ளய ஒரு மாசமாத் திட்டனன். அது ஓட்டனதுல ஒரு தப்பும் இல்ல.”

சாமிக்கண்ணு மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

“சாமிக்கண்ணு, உனக்குக் குடுத்த வாக்க நான் மீறனதே இல்ல. இன்னிக்கி மீறறன். என் மருமவ வேலைக்கிப் போவணும். அது எட்டு மணிக்கி அங்க இருக்கணும். நம்ம பஸ்ஸு அங்க நிக்காது, உனக்கே தெரியும்.”

சாமிக்கண்ணு கவரை எடுத்து ஜேபியில் போட்டுக்கொண்டு, தாம்பாளத்தை அத்தையிடம் நீட்டினார். “வெத்தல பாக்க வெச்சிக்கங்க அண்ணி. நிக்காதது எனக்குத் தெரியாதா? பின்னால நின்னுகினு திட்டு வாங்கனவன் நான்தான? ரைட், போலாம்” என்று பழைய பழக்கத்தில் கையை வீசிக்காட்டிவிட்டுத் தன் சைக்கிளைப் பார்த்து நடந்தார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. மாமாவிடம் என்னவோ சொல்ல வேண்டும் என்று வாயெடுத்தேன். அதற்குள் அத்தை முந்திக்கொண்டார்.

“அப்ப எம் புனலு?”

மாமா உள்ளே போனார். பழைய காக்கிச் சட்டையில் சுற்றி வைத்திருந்த புனலை எடுத்துவந்து நீட்டினார். அத்தை அதை முகர்ந்து பார்த்துவிட்டு, அவரை ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் நேரே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, “காப்பி போட்டிருக்கன், வாங்களேன்” என்று கூப்பிட்டார்.

சாயங்காலம் மாமா கடைத்தெருவுக்குப் போய் அத்தைக்குப் புதுப் புனல் வாங்கிவந்தார். திங்கட்கிழமை காலை நான் வண்டியில் ஏறும்போது, பழைய புனலைத் துடைத்து, சடையப்பன் ஊற்றிய அதே ஆயிலில் ஒரு டப்பாவோடு கொண்டுவந்து பின்சீட்டில் வைத்தார்.

“இது வண்டியோடயே இருக்கட்டும். இனிமே ஊத்தறதா இருந்தா நீயே பாத்து ஊத்து” என்றார்.

சாவியைத் திருப்பினேன். மாமா காதைப் பானெட்டுப் பக்கம் சாய்த்துக் கேட்டுவிட்டு, கேட்டைத் திறந்துவிட்டார். ஏழு ஐம்பதுக்குக் கார்டு பஞ்ச் செய்தேன்.